ஒரே ஏலத்துக்குப் போகும் இரண்டு கொழுந்து

உலகமயமாதல் என்ற சொல் 1990களில்தான் நம் மேடைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் வந்தது. கலஹாவின் மலைகளுக்கு அது அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்டப் பக்கம் போனால் லூல்கந்துர தோட்டம் வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளில், 1869இல், இலங்கைக் கோப்பியின் இலைகளில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி பெரும்பாலும் ஒழிந்து, அந்த மலைகளெல்லாம் தேயிலையாயின. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. நிலத்தை வாங்கிய முதல் பிரித்தானியாவிலிருந்து வந்தது. உழைப்பு திருச்சி, சேலம், மதுரை, தஞ்சைப் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தது. அந்த உழைப்பாளிகள் உண்ட அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறியது. விளைந்ததை இலண்டன் குடித்தது. முதல், உழைப்பு, உணவு, சந்தை என நான்கும் கடல் கடந்து வந்து ஒரே மலையில் சந்தித்த இடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் எண்ணிச் சொல்லக்கூடிய அளவிலேயே இருந்தன. உலகோடு இணைவதே வறுமைக்கு மருந்து என்றால், கலஹா இன்று இலங்கையின் செழிப்பான பிரதேசங்களில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். 2019இல் குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய வீட்டு வருமான, செலவின ஆய்வு வேறு கதை சொல்கிறது. நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தோர் 14.3 சதவீதம். நகரத்தில் 6, கிராமத்தில் 15, பெருந்தோட்டத்தில் 33.8.

இந்த விவாதத்தில் வழக்கமாக இரண்டு கட்சிகள் மோதுகின்றன. 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மிகக் கொடிய வறுமையில் இருந்தார்கள், 2019இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டார்கள், சீனமும் வியட்நாமும் சந்தையைத் திறந்ததால்தான் இது நடந்தது என்பது ஒரு கட்சி. உலகச் சந்தை என்பதே ஏழை நாடுகளின் உழைப்பை உறிஞ்சும் குழாய் என்பது மறு கட்சி. கலஹாவை வைத்துப் பார்த்தால் இரண்டுமே தடுமாறுகின்றன. சந்தை முழுதாகத் திறந்திருந்த காலத்திலும் தோட்டம் ஏழையாக இருந்தது. கதவை அடைத்து அரசே தோட்டங்களை எடுத்த காலத்தில் பட்டினியே கிடந்தது. சந்தைக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைவிட, அந்தச் சந்தைக்குப் போகும் பொருளின் மீது உழைப்பவருக்கு என்ன பிடி இருக்கிறது என்பதே அவர் வாழ்வை அதிகம் தீர்மானித்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பிடி என்பதில் நிலம், வாக்கு, பேரம் பேசும் வலு, பிடிக்காவிட்டால் வெளியேறும் வழி ஆகிய நான்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க வேறு நாட்டைத் தேட வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று பெருந்தோட்டங்களிலிருந்து வருவதில்லை. ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. பெரும்பகுதி காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கங்களில் விளைந்தாலும், கண்டி மாவட்டக் கிராமங்களிலும் அப்படிப்பட்ட காணிகள் தோட்ட எல்லையை ஒட்டியே இருக்கின்றன. மண் ஒன்று, மழை ஒன்று, செடி ஒன்று. இரண்டு கொழுந்தும் தொழிற்சாலையில் வாடி, அரைபட்டு, அதே கொழும்பு ஏலத்துக்குத்தான் போகின்றன. ஈராக்கியரும் ரஷ்யரும் துருக்கியரும் குடிக்கும்போது எது யார் கொழுந்து என்று நாவுக்குத் தெரியாது. வேறுபாடு கணக்கு முறையில் இருக்கிறது. சிறுதோட்டக்காரர் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுத்தால், ஏலத்தில் கிடைக்கும் விலையில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்று ஒரு சூத்திரம் அரசின் கண்காணிப்பில் நடைமுறையில் இருக்கிறது. ஏல விலை ஏறினால் அடுத்த மாதக் கொழுந்து விலை தானாக ஏறும். தோட்டத் தொழிலாளிக்கோ நாட்சம்பளம். ஏல விலை எங்கே போனாலும் அது அசையாது. அசைய வேண்டுமானால் வேலைநிறுத்தமோ தேர்தலோ வர வேண்டும்.

2021, 2022ஆம் ஆண்டுகளில் இந்த வேறுபாடு கண்முன்னே நிகழ்ந்தது. ஆறு ஆண்டுக்கால ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கியது. அப்போது டொலர் இருநூறு ரூபாய். ஆக நாளுக்கு ஐந்து டொலர். கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. மறு ஆண்டு ரூபாய் சரிந்து டொலர் 360ஐத் தொட்டது. அதே ஆயிரம் ரூபாய் மூன்று டொலருக்கும் குறைந்தது. கொழும்பில் உணவுப் பணவீக்கம் செப்டெம்பர் 2022இல் 90 சதவீதத்தைத் தாண்டியது. தேயிலையோ டொலருக்கு விற்கும் பொருள். 2021இல் கிலோ 620 ரூபாய் அளவில் இருந்த ஏலச் சராசரி, 2022இல் ஏறக்குறைய இரட்டிப்பானது. நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறித்தால் அது சுமார் நான்கு கிலோ தேயிலையாகும். முந்தைய ஆண்டு அந்த நான்கு கிலோவின் ஏலப் பெறுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு பறித்தவரின் கூலி. அடுத்த ஆண்டு ஐந்தில் ஒரு பங்கு. கண்டிப் பகுதியின் நடுத்தர உயரத் தேயிலைக்குச் சராசரியைவிடக் குறைந்த விலைதான் கிடைக்கும்; டீசலும் உரமும் விலையேறின; 2021இன் இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்து, 2022இல் நாட்டின் மொத்த உற்பத்தி 25 கோடி கிலோ அளவுக்குச் சுருங்கியது. இவை எல்லாவற்றையும் கழித்துக்கொண்டாலும் ஒன்று எஞ்சுகிறது. கிராமத்துக் கொழுந்து விலை ஏலத்தோடு ஏறியது, தோட்டத்துக் கூலி 2024 செப்டெம்பர் வரை அதே ஆயிரத்தில் நின்றது. பிறகுதான் 1,350 ஆயிற்று. உலகச் சந்தை அந்த ஆண்டு மலைக்கு ஆதாயத்தைக் கொண்டுவந்தது உண்மை. அதை வாங்கிக்கொள்ளும் வாய்க்கால் ஒரு பக்கத்தில் இருந்தது, மறு பக்கத்தில் இல்லை.

இந்த வாய்க்கால் ஏன் வெட்டப்படவில்லை என்பதற்கு வரலாறுதான் பதில் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளி ஆரம்பத்திலிருந்தே கங்காணியின் கடனோடு கட்டப்பட்டவர். கடன் தொகையை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. குடியிருக்கும் லயம் துரையுடையது, வேலை போனால் கூரையும் போகும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஒரு வாசல் திறந்தது. 1940 ஜனவரியில் இதே ஹேவாஹெட்ட மலைத்தொடரின் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். சுடுமளவுக்குப் போனார்கள் என்பதே தொழிலாளரின் பேரம் பேசும் வலு வளரத் தொடங்கியதற்குச் சான்று. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்கும் போயிற்று, நாடும் போயிற்று.

உலக ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த பொருளியலாளர் பிராங்கோ மிலானோவிச், ஒருவரின் வருமானத்தைத் தீர்மானிப்பதில் அவருடைய உழைப்பையோ படிப்பையோவிட அவர் பிறந்த நாட்டுக்கே பெரும் பங்கு உண்டு என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். செல்வ நாட்டில் பிறப்பது ஒரு கூடுதல் வருமானம், ஏழை நாட்டில் பிறப்பது ஓர் அபராதம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு நாட்டில் பிறந்தவர் அந்நாட்டின் குடிமகனாக இருப்பார் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. கலஹாவில் 1948க்கும் 1988க்கும் இடையே பிறந்த ஏராளமானோர் அப்படி இருக்கவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பெயர்ப் பட்டியலில் எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாத குடும்பம் வீட்டுக்குக் கூரை மாற்றாது, பிள்ளையை உயர்வகுப்புக்கு அனுப்பாது, தொழிற்சங்கத்தில் குரல் உயர்த்தாது. நாடுகளுக்கிடையே உள்ள சமமின்மையையும் நாட்டுக்குள் உள்ள சமமின்மையையும் தனித்தனியே அளக்கும் அட்டவணைகளில் இவர்களுக்குக் கட்டம் இல்லை. இலங்கை ஏழை நாடாக இருந்ததன் அபராதத்தையும் செலுத்தினார்கள், அந்த நாடு தன் குடிமக்களுக்குத் தந்த இலவசக் கல்வி, காணி, உள்ளூராட்சி ஆகியவற்றின் பெரும்பகுதியையும் இழந்தார்கள். இலங்கை குறைந்த வருமானத்திலும் உயர்ந்த ஆயுளும் எழுத்தறிவும் கண்ட நாடு என்று அமர்த்தியா சென் முதல் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. 2016இன் சுகாதார ஆய்வில்கூட வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகள் நாடு முழுதும் 17 சதவீதம், தோட்டத்தில் 32 சதவீதம்.

அந்நிய முதலாளியை விரட்டினால் சரியாகும் என்று நம்பியோருக்கு 1970கள் ஒரு கசப்பான பாடம். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. கண்டி மாவட்டத்தில் இதன் பொருள் பல இடங்களில் தேயிலை மலைகளைத் துண்டாடி அயல் கிராமங்களுக்குக் கொடுப்பதாயிற்று. அங்கே நான்கு தலைமுறையாக உழைத்தவர்கள் பிரஜைகள் அல்லர் என்பதால் பங்கு கேட்க முடியவில்லை. பலர் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எண்ணெய் விலையும் அரிசி விலையும் உலகெங்கும் ஏறிய 1973, 1974இல் பங்கீட்டு அரிசி சுருங்கியபோது, சொந்தக் காணியில் மரவள்ளி நட வழியில்லாத தோட்ட மக்கள்தான் முதலில் விழுந்தார்கள். கண்டி வீதிகளில் பிச்சையெடுத்தவர்களில் கொழுந்து பறித்த கைகள் இருந்தன. 1977 மே மாதத்தில் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டும் 1981, 1983இலும் வன்முறையில் அடிபட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. இலண்டன் கம்பனியிடமிருந்து கொழும்பு அமைச்சுக்கு உடைமை மாறியபோது தொழிலாளியின் பிடி ஓர் அங்குலமும் கூடவில்லை. காணிச் சீர்திருத்தம் என்ற நல்ல பெயர் கொண்ட ஒரு காரியம் காணியற்றவர்களையே காணியிலிருந்து துரத்தியது இலங்கையின் இடதுசாரி வரலாறு இன்னும் முகம் கொடுக்காத விஷயம்.

நிலைமை திருந்தத் தொடங்கியது எப்போது? பிடி திரும்பக் கிடைக்கத் தொடங்கியபோதுதான். 1977 தேர்தலில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றத்துக்குத் தேர்வானார், மறு ஆண்டு அமைச்சரானார். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெண்களின் நாட்சம்பளம் ஆண்களுடையதற்குச் சமமானது. கொழுந்து பறிப்போரில் ஆகப் பெரும்பாலானோர் பெண்கள் என்பதால், எந்த ஏற்றுமதிச் செழிப்பும் தராத வருமான உயர்வு அது. 1988இன் சட்டமும் 2003இன் சட்டமும் நாடற்ற நிலையை முடித்தன. 1970களில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. ஆசிரியர் நியமனம் அதைத் தொடர்ந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்ட வீதிக்கும் லயத்துக்கும் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வரி கட்டும், வாக்குப் போடும் மனிதருக்குக் குழாய்த் தண்ணீர் போட சட்டம் திருத்த வேண்டியிருந்தது, திருத்தியது 2018இல். இந்த வரிசையில் எதுவும் தேயிலை ஏற்றுமதி பெருகியதால் நேர்ந்ததல்ல. அரசியலில் ஒவ்வொன்றும் கேட்டுப் பெறப்பட்டது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, 1992இல் அரசிடமிருந்து தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பனிகளுடையது. கென்யாவில் ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்து இங்கே பறிப்பதைப் போல் இரு மடங்குக்கும் மேல், இலங்கையில் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலியாகவே போகிறது, கூலியை உயர்த்தினால் தோட்டம் மூடப்படும் என்கிறார்கள். எண்கள் பெருமளவு சரி. அவற்றுக்குக் காரணம் தொழிலாளியின் கையில் இல்லை. கண்டி மலைகளில் விதையிலிருந்து முளைத்த, தாத்தா காலத்துச் செடிகள் இன்னும் நிற்கின்றன. ஆண்டுக்கு இவ்வளவு நிலத்தில் மறுநடுகை செய்ய வேண்டும் என்ற பரிந்துரையைப் பெரும்பாலான தோட்டங்கள் எட்டியதில்லை. மறுநட்ட செடி பலன் தரச் சில ஆண்டுகள் வருமானம் இழக்க வேண்டும் என்பதால் குத்தகைக்காரர் அதைத் தள்ளிப்போடுகிறார். காணிக்காரர் தள்ளிப்போட மாட்டார், செடி அவருடையது. கூலி கட்டாது என்ற வாதம் உண்மையானால், அது கூலித் தோட்ட முறைக்கு எதிரான வாதமாகவே முடியும். கம்பனிகளில் சில இதை உணர்ந்து, மலையைத் துண்டுகளாகத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கத் தொடங்கியிருக்கின்றன. உரிமைப் பத்திரம் இல்லாமல், சேமலாப நிதியையும் நிச்சய வேலையையும் கழற்றிவிடும் வழியாக அது பயன்பட்டால், சந்தை அபாயம் தொழிலாளிக்கும் நிலம் கம்பனிக்கும் என்றாகிவிடும். பாதிச் சிறுதோட்டக்காரர் என்று ஒருவர் இருக்க முடியாது. உலகமயத்தின் திசை பற்றி இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. லிப்டன் பெயர் தாங்கிய தேயிலை வணிகத்தை யுனிலீவர் 2022இல் ஓர் ஐரோப்பிய முதலீட்டு நிதியத்துக்கு 450 கோடி யூரோவுக்கு விற்றது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்த அதன் தோட்டங்களை அந்நிதியத்திடமிருந்து வாங்கியது இலங்கையின் பிரவுன்ஸ் நிறுவனம். கென்யாவின் கெரிச்சோவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு இன்று அந்நிய முதலாளி கொழும்பிலிருக்கிறார். வடக்கு, தெற்கு என்று உலகை இரண்டாக வகுத்துப் பேசும் பழைய முறை இந்த உடைமைச் சங்கிலிக்குப் போதாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. சிறுகாணி சொர்க்கமில்லை, உர விலை ஏறினால் கடன், ஏலம் விழுந்தால் பட்டினி, இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் காணி பாத்தியாகிவிடும். இதை மறுக்க இயலாது. கிராமத்தின் 15 சதவீத வறுமை தேயிலைக் காணி இருந்ததால் மட்டும் வந்ததுமல்ல. பலதரப்பட்ட தொழிலும் கடையும் அரச உத்தியோகமும் சேர்ந்த எண் அது. கென்யாவில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் தங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் தாங்களே பங்குதாரர்கள்; ஆண்டிறுதியில் ஊக்கத்தொகையும் பெறுகிறார்கள். அவர்களும் நிர்வாகத்தின் மேல் புகார் சொல்லாத ஆண்டில்லை. ஆனாலும் அந்தப் புகார், பங்குதாரர் கணக்குக் கேட்பது. கணக்குக் கேட்க இடமிருப்பதே பெரிய வேறுபாடு. தனிக் காணி மட்டும் போதாது, தொழிற்சாலையில் பங்கும் வேண்டும் என்பதுதான் கென்யா காட்டும் திருத்தம். கண்டியின் நிலைமைக்கு இன்னொரு திருத்தமும் வேண்டும். மண் அரித்துப்போன செங்குத்துச் சரிவுகளில் தேயிலையை வற்புறுத்தாமல் மிளகு, கராம்பு, கால்நடைத் தீவனம் என்று மாற விடுவதும் காணி உரிமையின் பகுதியே.

மூன்றாவதாக, இதெல்லாம் எதற்கு, இளையோர்தான் போய்க்கொண்டிருக்கிறார்களே என்பார்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோது மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த தொழிலாளர் எண்ணிக்கை இன்று அதில் பாதிக்கும் கீழே. கொழும்புக் கடைகள், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகள், வளைகுடா நாடுகளின் வீடுகள் மற்றவர்களை வாங்கிக்கொண்டன. வெளியேறும் வழி என்னும் பிடி உலகமயத்தால் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நேர்மையாகாது. கொழுந்து பறிக்க ஆளில்லை என்ற அச்சமே கூலிப் பேச்சில் தொழிலாளிக்குக் கிடைத்த புதிய ஆயுதம். ஆயினும் எப்படிப்பட்டவராக வெளியேறுகிறோம் என்பது கையிலிருப்பதைப் பொறுத்தது. உயர்தரம் சித்தியடைந்தவர் போவதும், எட்டாம் வகுப்போடு கடைப்பையனாகப் போவதும், கடன் அடைக்க வீட்டுப் பணிப்பெண்ணாகக் கடல் தாண்டுவதும் ஒரே வெளியேற்றமல்ல. அடகு வைக்க ஒரு துண்டு நிலம் இருக்கும் குடும்பம் பிள்ளையைப் படிப்பு முடியும்வரை வைத்திருக்கும். தோட்டத்தில் தங்குவோருக்கு மட்டுமன்றி, போவோருக்கும் காணி வேண்டும்.

வீடமைப்பில் இந்த எண்ணம் சிறிதளவு நுழைந்திருக்கிறது. வீட்டோடு தரும் காணி ஏழு பேர்ச்சஸ் என்று தொடங்கி, இந்திய உதவியுடனான பத்தாயிரம் வீட்டுத் திட்டத்தில் பத்து பேர்ச்சஸாக வளர்ந்திருக்கிறது. பத்து பேர்ச்சஸ் என்பது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. தபால்காரர் கண்டுபிடிக்கும் முகவரி அதில் கிடைக்கும், பிழைப்புக் கிடைக்காது. 2026 வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,550 ரூபாயாக்கி, அதன் மேல் அரசு நாளுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தருவதாகச் சொன்னது. தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பகுதியை வரிப்பணம் கட்டுகிறது என்றால், கூலி முறை தன் காலில் நிற்க முடியவில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதாகிறது. அந்தப் பணத்தை ஆண்டுதோறும் கூலியில் கரைப்பதா, மறுநடுகைக்கும் காணிப் பத்திரத்துக்கும் முதலாக்குவதா என்ற கேள்வி பாராளுமன்றத்தில் இன்னும் உரக்க எழவில்லை.

கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. புதுப்பிக்கும் மேசையில் அரசும் கம்பனியும் மட்டும் உட்கார்ந்தால் 1992 மறுபடி நடக்கும். கண்டி மாவட்டத்தில் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தனியார் விரும்பாத தோட்டங்கள் பல இங்கே ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன்ஸ் ஆகியவற்றின் கீழ் அரசிடமே இருக்கின்றன. இடையில் குத்தகைக்காரர் இல்லை, நீதிமன்றம் போகக் கம்பனி இல்லை. காணியைப் பிரித்துத் தொழிற்சாலைப் பங்கோடு கொடுத்துப் பார்க்க இதைவிட இலகுவான இடம் நாட்டில் இருக்காது. ஆனால் இந்த அரச நிறுவனங்கள்தான் தொழிலாளரிடம் மாதாமாதம் பிடித்த ஊழியர் சேமலாப நிதியைக்கூட ஆண்டுக்கணக்கில் கட்டாமல் நிலுவை வைத்தவை. ஓய்வு பெற்றுச் சேமலாபம் வராமல் அலைந்த அம்மாவைப் பார்த்த மகள், அதே முதலாளி நீட்டும் காணி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத் தயங்குவாள். ஆகவே நில அளவையாளரை மலைக்கு அனுப்புவதற்கு முன் தீர்க்க வேண்டியது அந்த நிலுவை.